ஞாயிற்றுக்கிழமை ஃபாதர்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமா என்று கேட்பதற்கு முன்னால் சண்டையைத் தொடங்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் மனசு இளகிவிடும்.

ஞாயிறு தவறாமல் போன் செய்கிறாய், சரி. எடுத்த எடுப்பிலேயே ஜெபம், முடித்ததும் ஆசீர்வாதம், உடனே வைத்துவிடுகிறாய். நடுவில் நான் வாய் திறக்க வழியே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு ஞாபகம் பிசகுகிறது என்று சொன்னேனே, இப்போது முற்றிவிட்டது. போன ஞாயிறு உன் ஜெபம் முடியும்வரை முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "யாரு அந்த ஃபாதர்? உருக்கமா ஜெபிக்கிறாரு. வெளிநாட்டுல என் மகன் இருக்கான்ல, அவன் வீட்டுக்கு வரணும்னு அடுத்த தடவை ஜெபிக்கச் சொல்லு."

பூசைக் குரலைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை எறிந்துவிட்டுக் கத்துவாயே, அந்தக் குரலில் பேசு. அவள் உன்னை முழுசாக மறப்பதற்குள் வந்துவிடு.

உன் அக்கா

பிப்ரவரி 25

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். சாதாரணமாகப் பேசிப் பார்த்தேன், நீயும் கேட்டிருப்பாய். "அம்மா" என்றதுமே வாய் தானாக ஜெபத்துக்குப் போய்விட்டது. நம் பாஷையில் சண்டை போடக்கூட இங்கே ஆள் கிடையாது. அந்தப் பழைய குரல் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

கோவிலுக்கு வருகிறவர்கள் எல்லாம் வயதானவர்கள். மற்ற நேரமெல்லாம் பக்கத்து முதியோர் இல்லத்தில், மருந்து வாடை அடிக்கும் அறைகளில், மகன்கள் வராத தாய்மாரின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ஒருத்தி என்னைத் தன் மகன் என்று நினைத்துக் கன்னத்தைத் தடவினாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆயரிடம் விடுப்பு கேட்டேன். மாற்று ஆள் கிடைக்கட்டும் என்கிறார். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், என் ஜெபம் கூரையைத் தாண்டிப் போவதாகவே தோன்றவில்லை.

உன் தம்பி

மார்ச் 18

தம்பி,

யாரோ ஒருத்திக்கு மகனாக இருக்கத் தெரிகிறது, பெற்றவளுக்கு இருக்க நேரமில்லை. எழுதிவிட்டேன், அழிக்க மனசில்லை.

அம்மா மகனைப் பற்றிக் கேட்பதே குறைந்துவிட்டது. ஃபாதர் எப்போது கூப்பிடுவார் என்பதுதான் கேள்வி. சனிக்கிழமையே நாற்காலியைப் போன் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிடுகிறாள். அவளைக் குளிப்பாட்டித் துணி மாற்றுவதற்குள் என் இடுப்பு விட்டுப்போகிறது. நான் யார் என்றும் ஒருநாள் கேட்பாள். அதற்கும் மனசைத் தயார் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆயரின் காலில் விழுந்தாவது வா. அங்கியும் காலரும் வேண்டாம். பழைய சட்டையில் வா.

அக்கா

மே 9

அன்புள்ள அக்கா,

பத்திரமாக இங்கே திரும்பி வந்து சேர்ந்தேன்.

நீ சொன்னபடி பழைய சட்டையில்தான் வீட்டுக்கு வந்தேன். யாரோ விருந்தாளி என்று அம்மா கும்பிட்டதை நீயே பார்த்தாய். நீ மருந்து வாங்கப் போயிருந்த மத்தியானம் நடந்ததை மட்டும் உன்னிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நான்தான், உன் மகன்" என்றேன். குரலைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் அவசரமாக முக்காடு போட்டுக்கொண்டு எழுந்தாள். "போன்ல பேசுற ஃபாதர்தானே? நேர்லயே வந்துட்டீங்களா! என் மகன் வரணும்னு ஒரு வார்த்தை ஜெபியுங்க."

எத்தனையோ சாவு வீடுகளில் தடையில்லாமல் வந்த ஜெபம் அன்று வரவில்லை. அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, "பரவாயில்ல ஃபாதர், நானே பண்றேன்" என்று கண்ணை மூடினாள். "ஆண்டவரே, அவன் வரலேன்னாலும் கோவிச்சுக்காதீங்க. வேளாவேளைக்குச் சாப்பிட வைங்க. பசி தாங்க மாட்டான்." அந்த ஜெபத்துக்கு நான் ஆமென் சொன்னேன், அக்கா.

இனி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மாட்டேன். அந்த ஃபாதராக இன்னொரு முறை பேச என்னால் ஆகாது. என்னை மன்னித்துவிடு.

உன் தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

உன் கோவில் ஆபீஸில் செய்தி சொல்லியிருப்பார்கள். அம்மா செவ்வாய்க்கிழமை காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். கூப்பிட்டபோது போனை எடுத்த பெண்ணிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில் சொன்னேன். நீ யாரையோ அடக்கம் செய்யப் போயிருக்கிறாய் என்றாள். நம் அம்மாவை இங்குள்ள பங்குச் சாமியார் அடக்கம் செய்தார். குறை ஒன்றும் இல்லை.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். அவள் உன்னை அறியவில்லை என்பது உன் வலி. அவளுக்கு வாரம் ஒரு குரல் போதுமாக இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டாய். இனி நீ கூப்பிட்டாலும் நான் எடுக்கப்போவதில்லை.

நீ நிறுத்திய பிறகும் ஞாயிறுதோறும் முக்காடு போட்டுக்கொண்டு போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கடைசி ஞாயிறு என்னால் பார்க்கச் சகிக்கவில்லை. ஃபாதர் இனிமேல் கூப்பிட மாட்டார் என்று சொல்லிவிட்டேன். அழுது தீர்க்கப்போகிறாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை.

"பாவம், அவருக்கும் ஒரு அம்மா இருப்பாங்கல்ல? பாக்கப் போயிருப்பாரு. போகட்டும் விடு" என்றாள்.

பிறகு முக்காட்டை எடுத்துவிட்டு, சாப்பிட வந்தாள்.

அக்கா