கொல்லனை விரும்பிய ராணி

அன்புள்ள அம்மா,

நீ அனுப்பிய இரண்டு நாவல்களையும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். முதலாவதில் வரும் பறக்கும் கோட்டை பிரமாதம். அதன் எடைக் கணக்கு மட்டும் உதைக்கிறது; லிஃப்ட் பழுதுபார்க்கிற எனக்கு உறுத்தாதா?

ஆனால் இரண்டாவதான அந்தக் காதல் கதை அபாரம். கணவனை இழந்த ராணி ஒரு கொல்லனை விரும்புகிறாள். அதில் ஒரு வரிகூட அசட்டுத்தனம் இல்லை. மகன் என்ன சொல்வானோ என்று நூறு பக்கம் தயங்குகிறாளே, அதுதான் எரிச்சல்.

“டேய், அவ பண்ணது சரியாடா?” என்று போனில் திரும்பத் திரும்பக் கேட்டாய். புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தது நூலகர் என்று சொல்லும்போது சிரித்தாய். அப்பா போனபின் உன்னிடம் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை.

அவள் செய்தது சரிதான் அம்மா. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அந்த நூலகரையும் சாப்பிடக் கூப்பிடு. அந்தக் கோட்டை விஷயமாக அவரிடம் சண்டை போட வேண்டும்.

உன் மகன்