கேட்டுவிட்டு அடிக்கும் மணி

மார்ச் 4

மலைமேல் இருக்கும் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் அக்கா பேசினார். தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால்தான் அவருக்கு சிக்னல். தடுப்பூசி ஃபிரிட்ஜின் கதவு சரியாக மூடாமல் சூடேறி, மருந்து மொத்தமும் பாழ். பதினாலு கைக்குழந்தைகளைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். "ஃபிரிட்ஜுல நீங்க மாட்டின பொட்டி, கதவு, சூடு எல்லாத்தையும் ஒழுங்கா குறிச்சு வச்சிருக்கும்மா. எங்கிட்ட மட்டும்தான் சொல்லல."

உடனே பெட்டியின் நிரலைத் திறந்து உட்கார்ந்தேன்.

மார்ச் 5

காரணம் தெரிந்துவிட்டது. நான்தான். சூடேறினால் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டரைக் கேட்டுவிட்டு மணி அடி என்று நிரல் எழுதியது நானேதான். சும்மா சும்மா அடித்துத் தொல்லை தரக்கூடாதாம்! சிக்னல் எப்போதாவது எட்டிப்பார்க்கும் இடத்தில் அது யாரைக் கேட்கும்? அக்கா பக்கத்து அறையில் இருக்க, பகல் முழுக்கப் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறது. புத்தி எங்கே போச்சு எனக்கு?

மார்ச் 9

மேலாளர், "பெரிய ஆன்டெனா வச்சிடலாமே" என்கிறார். டவர் மலைக்கு அந்தப்பக்கம் சார்! ஆன்டெனா என்ன, மலையைத் துளைக்குமா? "நமக்குத் தெரியாம மணி அடிச்சா நல்லாருக்காதே." ஐயோ! தெரிந்து இவர் என்ன செய்யப்போகிறார், இங்கிருந்தே ஊதி ஆற்றுவாரா?

மார்ச் 10

இன்றும் அதே கூட்டம். தலைவலி.

மார்ச் 13

"என்னமோ பண்ணுங்க. பொறுப்பு உங்களுது" என்று மேலாளர் கைகழுவிவிட்டார். அப்பாடா! கேட்கும் வரியைத் தூக்கிவிட்டேன். சூடேறினால் அடி, அவ்வளவுதான். அலுவலகத்துக்குச் செய்தி, சிக்னல் கிடைக்கிறபோது போகட்டும். 25ஆம் தேதி அந்தப் பதினாலு குழந்தைகளும் மறுபடி வருகிறார்கள்.

மார்ச் 17

கருவியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் போய் மாட்டினேன். அக்கா முகம் கொடுத்தே பேசவில்லை. "ஒரு குழந்தைக்கு ஒரு தடவைதான் கதவைத் திறப்பேன். அவ்வளவு பாத்துப் பாத்துச் செய்றேன். இதுவாவது வாயைத் திறக்குமா?"



மார்ச் 26

நேற்று ஊசி போடும் நாள். போனும் இல்லை, செய்தியும் இல்லை. இருப்புக் கொள்ளவில்லை.

ஏப்ரல் 2

மேலாளர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். திரையில் சிவப்பு எழுத்து: மலை நிலையம், ஃபிரிட்ஜ் சூடேறுகிறது. "உடனே வண்டி அனுப்புங்க!"

"தேதியைப் பாருங்க சார்."

மார்ச் 24, காலை 10.05, மணி அடித்தது. கீழே அடுத்த வரி: 10.06, கதவு மூடப்பட்டது.

திரையை 25ஆம் தேதிக்கு இறக்கினேன். திறப்பு, மூடல், திறப்பு, மூடல். விரல் வைத்து எண்ணினேன். பதினாலு.