சலவை அறைக் கதவில் ஒரு சீட்டு

ஹெர்னோசாந்த்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் இல்வாவுக்கு அம்மா இங்கெயெர்ட் எழுதுவது. இங்கே நானும் என் முட்டிவலியும் எப்போதும்போல ஒன்றாக நலமாக இருக்கிறோம். நீயும் நலம் என்று நம்பத்தான் ஆசை, ஆனால் நேற்று டிவியில் பார்த்த முகம் அப்படிச் சொல்லவில்லை, கண்ணுக்குக் கீழே அவ்வளவு கருப்பு. போன் செய்தால் உன் ஊடகச் செயலாளர் பெர்னில்லா எடுக்கிறாள், அதனால்தான் கடிதம். தபால் இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போகிறது, இருந்தாலும் உன் அமைச்சகத்தை விட வேகம்.

பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தெருவில் கொட்டிய சரளையை நகராட்சி இன்னும் கூட்டவில்லை, அதற்குள் முற்றம் நிறைய நிருபர்கள். நேற்று ஒருத்தி நம் கட்டடத்துப் பொதுச் சலவை அறை ஜன்னலுக்கு வெளியே மண்டியிட்டுப் படம் எடுத்தாள். ஈஸ்டர் திங்களன்று நான் தேவாலயப் பாட்டு ஒத்திகைக்குப் போயிருந்தபோது, விடுமுறைக்கு வந்திருந்த நீ ரயிலுக்கு முன்னால் அவசரமாகத் துணி துவைத்தாயாமே. பத்து முதல் ஒன்று வரை பக்கத்து வீட்டு தோர்வால்டின் முறை, நேரம் பிடித்து வைக்கிற பலகையில் அவர் பூட்டுதான் தொங்கியது. எண்பத்தொரு வயதுக்காரர் ஒரு காபி குடிக்க மேலே போய்க் கண்ணயர்ந்த நேரத்தில் அவருடைய ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கி பெஞ்சில் போட்டுவிட்டு உன் துணியைத் துவைத்து, உலர்த்தி, உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் சேர்ந்த பஞ்சைக் கூட எடுக்காமல் போய்விட்டாய். போனது போனாய், அமைச்சகத்தின் பெயர் அச்சடித்த பையையும் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டா போவாய்? அந்தப் பையையும் கதவில் ஒட்டியிருந்த கோபச் சீட்டையும் யாரோ ஒரே படத்தில் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார்கள். சீட்டில் என்ன இருந்தது என்று இப்போது நாட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்: 'பஞ்சை எடுக்காமல் போனவர் கவனத்துக்கு. உங்களுக்காக உங்கள் அம்மா வந்து இங்கே சுத்தம் செய்ய மாட்டார்.'

எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. நீ குடியிருப்பு அமைச்சராகி இரண்டு வருடம் ஆகிறது. கட்டுவேன் என்று சொன்ன நாற்பதாயிரம் வீடுகள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒரு கைப்பிடிப் பஞ்சு எங்கே என்று நாடே கேட்கிறது. பத்திரிகைப் படத்தில் எதிர்க்கட்சித் தலைவர் தன் வீட்டுப் பஞ்சைக் கையில் ஏந்திச் சிரித்துக்கொண்டு நிற்கிறார், அவர் வாழ்க்கையில் அந்த இயந்திரத்தைத் தொட்டதே அன்றுதான் என்று அந்த நிற்பிலேயே தெரிகிறது. உன் அலுவலகம் விட்ட அறிக்கையை மூன்று முறை படித்தேன். 'சலவை நேரம் தொடர்பாகச் சிலர் அடைந்திருக்கக்கூடிய அனுபவத்துக்கு அமைச்சர் வருந்துகிறார், பொதுச் சலவை அறைகள் குறித்து ஆராயக் குழு அமைக்கப்படும்' என்று இருக்கிறது. தோர்வால்டிடம் படித்துக் காட்டினேன். அவர், "குழு எதுக்கு, பெட்ஷீட்ட மறுபடி ஒரு தடவ அலசிப்போட்டா போதுமே" என்றார். பிரதமர் உன் மேல் முழு நம்பிக்கை வைத்திருக்கிறாராமே என்றதற்கு, "முழு நம்பிக்கைன்னு டிவியில சொல்லிட்டாங்கன்னா ஒரு வாரம்தான், இங்கெயெர்ட், உன் புள்ளைய பெட்டி கட்டச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் அரசியலே அந்த அறையில்தானே ஆரம்பித்தது. பதினேழு வயதில் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, ஞாயிற்றுக்கிழமையும் துவைக்கலாம் என்று பதினான்குக்குப் பதினொன்று ஓட்டில் ஜெயித்தாய். அன்று வீட்டுக்கு வந்து இலவங்கப்பட்டை பன் ஆறு தின்றாய். பிறகு கட்சி இளைஞர் அணி, நகர்மன்றம், நாடாளுமன்றம் என்று ஏறிக்கொண்டே போனாய், வர வர உன் வாக்கியங்கள் நீண்டன, எனக்கு எழுதுவது குறைந்தது. அன்று நீ கையால் எழுதி ஒட்டிய விதிகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. நான்காவது விதி, பஞ்சு வலையைச் சுத்தம் செய்யாமல் வெளியேறக் கூடாது. நிருபர்கள் இன்னும் அதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் தோர்வால்ட் அதன் மேல் தன் மழைக்கோட்டை மாட்டி வைத்திருக்கிறார். ஈர விரிப்போடு நின்ற மனிதர் செய்கிற காரியத்தைப் பார்.

நேற்று பெர்னில்லா என்னைப் போனில் கூப்பிட்டாள். வரும் வியாழக்கிழமை வானொலியிலிருந்து என்னிடம் பேட்டி எடுக்க வருகிறார்களாம். "அன்னிக்குத் துவைச்சது நீங்கதான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா, பொண்ணுக்கு அம்மா துவைச்சுத் தர்றத யாரு தப்பா எடுத்துக்கப் போறாங்க, வயசானவங்க, பஞ்ச எடுக்க மறந்துட்டாங்கன்னு விட்டுடுவாங்க" என்றாள். இது உனக்குத் தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை, பதில் தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது. சரி என்று சொல்ல வாய் வரை வந்தது இல்வா. உன் துணியைப் பத்தொன்பது வருடம் துவைத்தவள்தானே, இன்னும் ஒரு மூட்டை எனக்குப் பாரமா? ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். எல்லாரும் தோர்வால்ட் எழுதியது என்று நினைக்கிற அந்தச் சீட்டை எழுதியவள் நான். சலவை அறைப் பொறுப்பு இருபத்து மூன்று வருடமாக என்னுடையது, ஒத்திகை முடிந்து வந்து பார்த்தேன், பெஞ்சிலிருந்து அந்த மனிதர் குனிந்து விரிப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார், கோபத்தில் பக்கத்தில் தொங்கிய பையைக் கூட நான் கவனிக்கவில்லை, யார் செய்தது என்று தெரியாது, தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேன். தோர்வால்டுக்கு என் கையெழுத்து தெரியும், நிருபர்கள் எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை. உங்கள் அம்மா வந்து சுத்தம் செய்ய மாட்டார் என்று நானே எழுதி ஒட்டிவிட்டு, நானே வந்து சுத்தம் செய்தால் எப்படியம்மா?

வியாழக்கிழமை நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன். உன் பதவி போனாலும் போகும். அதனால் புதன்கிழமை பத்து முதல் ஒன்று வரைக்குப் பலகையில் என் பூட்டை மாட்டியிருக்கிறேன். பெர்னில்லா இல்லாமல் தனியாக ரயிலேறி வா. தோர்வால்டிடம் விரிப்புகளைக் கேட்டு வாங்கி, துவைத்து, மடித்து அவர் கையில் கொடு. படம் எடுக்க யாரையும் கூப்பிடாதே. அப்புறம் வியாழக்கிழமை சொல்வதற்கு எனக்கு இன்னொரு உண்மையும் இருக்கும்.

உனக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். அமைச்சராக வந்தாலும் வெறும் இல்வாவாக வந்தாலும் உன் கட்டிலில் விரிப்பு போட்டிருக்கும், பன்னும் சுட்டு வைப்பேன். வேளைக்குச் சாப்பிடு. பஞ்சை எடுக்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா இங்கெயெர்ட்,
சலவை அறைப் பொறுப்பாளர்.