கோடிச் சேலை கட்டிய குடம்

என் அருமை மாப்பிள்ளை,

எங்கே இருந்தாலும் காலை நீட்டி உட்கார்ந்து இதைக் கேள். அங்கே உனக்குக் கால்வலி இருக்காது. எனக்கு இருக்கிறது. இடது கணுக்காலில் நரம்புச் சிலந்தி தலையை நீட்டிவிட்டது. வெள்ளை நூல் மாதிரி வெளியே வருகிற புழுவை ஈர்க்குச்சியில் சுற்றிக்கொண்டு, நாளைக்கு ஒரு விரற்கடை என்று கட்டிலில் கிடக்கிறேன். ஊரையெல்லாம் கேலி பேசி ஓட்டியவனை ஒரு புழு கட்டிப்போட்டுவிட்டது. உனக்குச் சிரிப்பு வருமே?

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. உனக்கு வந்ததும் இதே சிலந்திதான். உழவுக்கு நாளாகிறதென்று அவசரப்பட்டு இழுத்தாய். அது பாதியில் அறுந்தது. கால் தொடைவரைக்கும் வீங்கி, ஒன்பதாம் நாள் கண்ணை மூடிவிட்டாய். ஊரே விதி என்றது. நானும் அப்படித்தான் சொன்னேன். வேறென்ன சொல்லத் தெரியும் எனக்கு?

அதற்குப் பிறகுதான் புதுக்கோட்டையிலிருந்து ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். நம் ஊருணித் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தார். உள்ளே வெள்ளைப் புள்ளிகள் குதித்தன. சிலந்தி வந்த காலைத் தண்ணீரில் வைத்தால் அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் இறங்குமாம். இந்தப் பூச்சிகள் அவற்றைத் தின்னுமாம். பூச்சியோடு நாம் குடித்தால், ஒரு வருஷம் கழித்து நம் காலில் நூலாக வருமாம். துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள், புண்காலோடு இறங்காதீர்கள் என்றார்.

நான் சும்மா இருப்பேனா? "அப்ப இம்புட்டு நாளும் எங்க அய்யனாரப் பூச்சித் தண்ணியிலதான் குளிப்பாட்டுனோமாக்கும்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். 'வடிகட்டி வாத்தியார்' என்று அவருக்குப் பேரும் வைத்தேன். அய்யனார் ஊருணியை வடிகட்டினால் சாமியை அழுக்கு என்று சொன்னதாக ஆகாதா? அந்தப் பயம் எனக்கும்தான் இருந்தது. சிரித்தால் தெரியாது, அவ்வளவுதான்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. போன வருஷம் யார் யார் சிலந்திக் காலோடு இதில் நின்றீர்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மாப்பிள்ளை, போன வருஷம் நின்றது நான். எரிச்சலுக்கு ஊருணியில் நிற்பதுதானே நம் வைத்தியம்? முழங்கால் தண்ணீரில் நான் நிற்க, பக்கத்திலேயே நீ குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாய். "மச்சான் காலு பட்ட தண்ணி, தீர்த்தம்ல" என்றாய். நான்தான் முதலில் சிரித்தேன். உன்னைக் கொன்றது என் புழுதான் என்பதற்கு யார் சாட்சி? இல்லை என்பதற்குத்தான் யார் சாட்சி?

கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தால் ஊருணி தெரிகிறது. கால் நெருப்பாக எரிகிறது. போகிறவர்கள் எல்லாம், இங்கிட்டுக் கிடந்து ஏன் வேகிறாய், தண்ணீரில் காலை வை என்கிறார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் மீனாள் காதுக்குப் போகும். உனக்குக் கட்டிக்கொடுத்தாலும் அவள் என் தங்கச்சி அல்லவா? அவள் முகத்தில் எப்படி விழிப்பது? ஊருணிக்கு என் காலைக் கண்டால் வெட்கம் என்று பதினோரு நாள் கேலி பேசியே தள்ளினேன்.

முந்தாநாள் காலையில் மீனாள் ஊருணியிலிருந்து நேராக என் வீட்டுக்குக் குடம் கொண்டுவந்தாள். இறக்கி வைத்துவிட்டு, தாகத்துக்கு ஒரு செம்பு மொண்டு வாய்க்குக் கொண்டுபோனாள். என் கை தானாகப் போய்ச் செம்பைத் தட்டிவிட்டது. மண்ணில் கொட்டியதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குக் கேலி வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கவிழ்ந்த செம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். பிறகு தன் வீட்டுக்குப் போய், உன் காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடியாக நான் போட்ட வெள்ளைச் சேலையை எடுத்துவந்தாள். தாலி இறங்கிய அன்று போட்ட துணியை யாராவது குடிக்கிற தண்ணீரில் பட விடுவார்களா? அவள் பல்லால் கடித்துக் கிழித்தாள். இரண்டாக மடித்து ஒரு வெறுங்குடத்தின் வாயில் கட்டினாள்.

"அண்ணே, ஒன்ன மன்னிக்கிறதா வேணாமான்னு எனக்குத் தெரியல. மொதல்ல தண்ணிய ஊத்து."

கட்டிலில் உட்கார்ந்தபடியே குடத்தைச் சாய்த்து ஊற்றினேன். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அய்யனார் தண்டிக்க வருவார் என்று பொழுது சாயும்வரை பயந்துகொண்டே கிடந்தேன். வந்தது பசிதான். எதிர்வீட்டுக்காரி மட்டும், கோடித்துணி கட்டிக் குடிக்கிற வீடு விளங்குமா என்று கேட்டுவிட்டு இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். வேறு யாரும் வடிகட்டவில்லை. என்னால் கட்டிலைவிட்டு இறங்கிப் போய்ச் சொல்லவும் முடியவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எரிந்து சாம்பலானாலும் இந்தக் காலை ஊருணியில் நனைக்க மாட்டேன். புழு முழுக்க வெளியே வந்த அன்றைக்கு, மிச்சக் கோடியை எடுத்துக்கொண்டு ஊருணிப் படியில் போய் உட்காருவேன். நொண்டி வருகிறவனையும் குடம் கொண்டு வருகிறவளையும் மறித்து, என் மாப்பிள்ளை செத்தது என் காலால் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் துணியை நீட்டுவேன். சிரிப்பார்கள். நான் பழக்கிவிட்ட சிரிப்புதானே, வாங்கிக்கொள்கிறேன்.

உனக்குப் பெண் கொடுத்து, உனக்குப் பதிலும் சொல்லவேண்டிய
உன் மச்சான்,
சின்னையா