மொரப்பூரில் இரண்டு நிமிடம்

மொரப்பூர்
24 ஜூன், புதன்கிழமை

தீர்த்தனாவின் அப்பாவுக்கு, சுகுணா எழுதிக்கொள்வது.

நம் மகள் திங்கள்கிழமை மாலை ஐந்து மணிக்கு பொம்மிடி விடுதியில் சேர்ந்துவிட்டாள். விடுதிக் காப்பாளர் குள்ளம்மாள் அன்றே போனில் சொன்னார். இன்று காலை நானே மறுபடி பேசினேன். ஜன்னலோரக் கட்டில் கிடைத்திருக்கிறது, வயிறாரச் சாப்பிடுகிறாள். ஊரில் யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம். என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. வாலிபால் பயிற்சி காலை ஐந்தரைக்கே தொடங்கிவிடுகிறது, அந்த நேரத்துக்கு இங்கிருந்து ரயில் இல்லை. அதனால்தான் விடுதி.

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே நாம் பழைய இடத்துக்குப் போய்விடுகிறோம். அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி நவநீதன் வந்திருந்தார். டீ குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார். போகும்போது வாசலில் நின்று கேட்டார். “பொண்ணே வூட்ல இருக்கப்போறதில்லைன்னா, அண்ணன் இனி யாருக்குங்க பணம் குடுக்கறது?” நீங்கள் கேட்கச் சொன்னீர்களா, அவராகவே கேட்டாரா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆகவே நீங்கள் கேட்டதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கேள்வி கேள்விதான், பதில் சொல்ல வேண்டும்.

நேற்று தர்மபுரி போய் வக்கீல் பச்சியப்பனைப் பார்த்தேன். நாம் பிரிந்தபோது கோர்ட்டு போட்ட உத்தரவின்படி அவளுக்குப் பதினெட்டு முடியும்வரை நீங்கள் மாதாமாதம் பணம் தர வேண்டும், விடுதியில் இருப்பதால் அது மாறாது என்றார். என் பெயருக்குப் பதில் அவள் பெயரிலேயே வர வேண்டுமானால் நாம் இருவரும் கையெழுத்திட்டு மனு கொடுக்கலாம். எனக்குச் சம்மதம். பால் சொசைட்டிச் சம்பளத்தில் என் ஒருத்தியின் பாடு நடந்துவிடும்.

இவ்வளவுதான் விஷயம் என்றால் கடிதத்தை இங்கேயே முடித்திருப்பேன்.

நவநீதன் கேட்டது உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த தீர்த்தனாவின் காதில் விழுந்துவிட்டது. அவர் போனதும் என்னிடம் கேட்டாள். “அப்பா மாசாமாசம் வந்தது கோர்ட்டு சொன்னதாலயாம்மா?” நான் அவள் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தேன்.

எட்டு வருடங்களுக்கு முன் கோர்ட்டு வராந்தாவில், மொரப்பூர் மண்ணில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னீர்கள். சொன்னபடியே நடந்தீர்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, சேலத்தில் அத்தையைப் பார்க்கப் போகிற வழியில், ரயில் இங்கே இரண்டு நிமிடம் நிற்கும். நீங்கள் பெட்டியின் படியில் நிற்பீர்கள், அவள் கீழே நிற்பாள். பணக் கவர் கை மாறும். அதன் பிறகு பேசுவதற்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மிச்சமிருக்கும். நான் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் இருப்பேன். உங்களுக்கு அது தெரிந்திருக்கலாம்.

போன வருடம் ஆடி மாதத்தில் நீங்கள் குனிந்தபோது ரயில் நகர்ந்துவிட்டது, இடது கால் செருப்பு நடைமேடையில் விழுந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எட்டவில்லை. நீங்கள் ஒற்றைக் காலில் நின்றபடி சிரித்துக்கொண்டே போனீர்கள். தூணுக்குப் பின்னால் நானும் சிரித்தேன்.

அந்தச் செருப்பு அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. நேற்றுப் பார்த்தால் இல்லை. இன்று குள்ளம்மாளே சொன்னார். பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஆம்பளைச் செருப்பு ஒன்று மட்டும் இருந்ததாம், எதற்கு இது என்று கேட்டாராம். “எங்க அப்பாவோடதுங்க. இன்னொண்ணு அவருகிட்ட இருக்கு” என்றாளாம். இருக்கிறதா?

இன்று விடிகிற நேரத்தில் ஒரு கனவு. காற்றெல்லாம் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. அதற்குள் சத்தமே இல்லாமல் ரயில் வந்து நிற்கிறது. கதவுகள் எல்லாம் திறந்திருக்கின்றன, எந்தப் படியிலும் ஆள் இல்லை. தண்டவாளத்து ஓரத்தில் தும்பைப் பூ, ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவு. இரண்டு நிமிடம் முடியவே இல்லை. கண் விழித்த பிறகும் ரயில் நின்றுகொண்டிருப்பது போலவே இருந்தது. சொசைட்டிக்குப் போய் முதல் கேனைத் திறந்தபோதுதான் அது கிளம்பியது.

பால் ஊற்றி முடிந்ததும் வீட்டுக்கு வந்து உத்தரவுக் காகிதத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை இரண்டு தரம் படித்தேன். பணம் தர வேண்டும் என்று இருக்கிறது. வங்கியில் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. நேரில் வர வேண்டும் என்று எங்கேயும் இல்லை. எட்டு வருடமாக வீட்டில் இருக்கும் காகிதம், இன்றுதான் என் கண்ணில் பட்டது. அவளுக்கு நானே சொல்லிவிடலாம். ஆனால் இது நான் சொல்ல வேண்டியது இல்லை.

இங்கிருந்து சேலம் போகிற வழியில்தான் பொம்மிடி. அந்த ரயில் அங்கேயும் நிற்கும். நீங்கள் சபதம் செய்தது மொரப்பூர் மண்ணுக்கு மட்டும்தான். பொம்மிடியில் இறங்கலாம். விடுதி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், சனிக்கிழமை பார்வையாளர் நேரம் மதியம் ஒரு மணிவரை. நின்றுகொண்டே பேச வேண்டியதில்லை. உட்கார்ந்து பேசலாம். அடுத்த ரயிலில் சேலம் போனால் அத்தை கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டு மண்டியில் தக்காளி விலை இறங்கியிருக்கிறது. ஒரு கூடை வாங்கி ஊறுகாய் போட்டேன். ஒரு பாட்டில் அவளுக்குக் கொடுத்தனுப்பினேன். ஒன்று உங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

மனுவை ஜூலை 17 அன்று தர்மபுரிக் கோர்ட்டில் கொடுக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கையெழுத்துக்கான தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அவளுடைய கேள்விக்குப் பதில் அதற்கு முன்பே, ஜூலை 11 சனிக்கிழமை, பொம்மிடியில் தெரிந்துவிடும். நீங்கள் வருவதாக அவளிடம் நான் சொல்லவில்லை. வர மாட்டீர்கள் என்றும் சொல்லவில்லை.

அன்று ரயில் இங்கே நிற்கும்போது நான் தூணுக்கு முன்னால் இருப்பேன், ஊறுகாய் பாட்டிலோடு. நீங்கள் கீழே இறங்க வேண்டாம். படியில் நின்று கையை நீட்டினால் போதும்.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
சுகுணா