சென்னைக்குப் போவதாகச் சொன்னவளுக்கு

சனிக்கிழமை காலையில் தோசை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தபோது, நீ கொடுத்த அரக்கு வளையலிலிருந்து ஒரு கல் உதிர்ந்து மாவுக்குள் விழுந்துவிட்டது. கரண்டியால் துழாவினேன், கையால் துழாவினேன், அகப்படவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் தட்டில்தான் கிடைத்தது. பல் போயிருக்கும் என்று அவர் அன்று முழுவதும் முனகினார். நான் அந்தப் பச்சைக் கல்லைக் கழுவித் தாளில் மடித்து சாமி மாடத்தில் வைத்தேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் கையால் வந்த பொருள் மூளியாகக் கிடக்கக் கூடாது என்று நினைத்தேன்.

மறுநாள் உன் மகள் வந்தாள். சென்னையில் வேலை பார்க்கிறவள்தானே, அவளிடமே கேட்கலாம் என்று வளையலை எடுத்துக் காட்டினேன்.

"ஒங்கம்மா இதைச் சென்னையில எந்தக் கடையில வாங்குனா? அங்கேயே குடுத்து கல்லைப் பதிச்சுட்டு வாம்மா."

அவள் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சென்னை இல்லையே பெரியம்மா. இது ஹைதராபாத்ல, சார்மினார் பக்கத்துல வாங்குனது. எனக்கும் இதே மாதிரி செவப்புல எடுத்தாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டேன். உன் மகளுக்கு முன்னால் அசடு வழிய எனக்கு மனமில்லை. காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கி வழிந்தது, பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஹைதராபாத் நம் இரண்டு பேருக்கும் பொதுவான ஊர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். திருமயம் ஆபீசுக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்த காலத்தில், ஜன்னலோரம் யாருக்கு என்ற சண்டை முடிந்ததும் நாம் பேசியது அந்த ஊரைப் பற்றித்தான். ரிட்டயர் ஆனதும் போகிறோம், வேறு யாரும் வேண்டாம், வளையல் தெருவில் ஒரு முழு நாள். உனக்கு வளையல், எனக்கு அந்த ஊர்ப் பழைய புத்தகக் கடைகள். எந்த ஊருக்குப் போனாலும் நமக்குள் அதுதானே வழக்கம். நீ பொருள்களைப் பார்ப்பாய், தின்பண்டத்தைப் பார்ப்பாய். நான் ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் நிற்பேன். "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தே?" என்பாய்.

புதுக்கோட்டைப் புத்தகத் திருவிழாவில் ஹைதராபாத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் வாங்கினேன், ஞாபகமிருக்கிறதா? "குடுடி, பாத்துட்டுத் தாரேன்" என்று வாங்கிக்கொண்டு போனாய். கொஞ்ச நாளில், மகள் வேலை விஷயமாகச் சென்னைக்குப் போகிறேன் என்று வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாய். நான் தினமும் போய் உன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். நீ திரும்பி வந்து வளையலையும் புத்தகத்தையும் சேர்த்தே கொடுத்தாய். வளையல் தெரு வரும் பக்கம் ஓரத்தில் மடிந்திருந்தது. புத்தகத்தை மடிக்காதே என்று எத்தனை தடவை சொல்வது என்று உன்னைத் திட்டினேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என் புத்தகத்தை வைத்து வழி பார்த்து நடந்துவிட்டு வந்து, என் எதிரே உட்கார்ந்து எப்படி உன்னால் சிரிக்க முடிந்தது?

அதையாவது விட்டுவிடலாம். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டே, "சீக்கிரம் எந்திரி, ஹைதராபாத் போகணும்ல" என்றேனே. நீ தலையை ஆட்டினாய். "போவோம்டி" என்றாய். உடம்பில் தெம்பில்லாத நேரத்தில் கூட அந்தப் பொய்க்கு உனக்குத் தெம்பு இருந்தது.

காபியைக் கொடுத்துவிட்டு உன் மகளிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், என்னை ஏன் கூப்பிடவில்லை என்று. அவள் முதலில் மழுப்பினாள். நான் விடுகிற ஆளா?

"கோவிச்சுக்காதீங்க பெரியம்மா. நானும் கேட்டேன், ஒங்களையும் கூட்டிட்டுப் போகலாம்னு. 'அவ வந்தா நான் ஆசைப்பட்டது ஒண்ணைக்கூட வாங்க முடியாது, இது எதுக்கு அது எதுக்குன்னு கேட்டே கையில இருக்கிறதைக் கீழ வைக்க வச்சுருவா, ஒரே ஒரு தடவை என் இஷ்டத்துக்கு வாங்கிக்கிறேன்'னாங்க."

அவள் போன பிறகு நம் பழைய பயணங்கள் எல்லாம் என் நினைப்பில் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயின. ஆதனக்கோட்டையில் ரோட்டோரம் முந்திரி வறுத்து விற்கும் அம்மாளிடம் நான் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, இது போன வருஷத்துச் சரக்கு என்று சொல்வேன். அந்த அம்மாள் உன்னிடம், "அடுத்த தடவை இவுகளைக் கூட்டிட்டு வராதீங்க, எனக்குக் கட்டுபடியாகாது" என்பாள். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். எனக்குப் பெருமையாக இருக்கும். ஆவுடையார்கோவிலில் திருவிழாக் கடையில் ஒரு பெரிய கிளி பொம்மையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாய். "இதை எங்கடி வைப்பே?" என்றேன். மறு பேச்சில்லாமல் வைத்துவிட்டாய். கடைக்காரர்களிடம் நீ எப்போதும் சொல்வது ஒன்றுதான்: "எல்லாம் அவளைக் கேளுங்க." மரியாதை என்று நினைத்திருந்தேன். அது சலிப்பு என்று யார் கண்டது?

நான் கேட்டதில் என்ன தப்பு? வீட்டில் சாமான் வைக்க இடமில்லை என்று புலம்பினவள் நீ. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வந்து அழுதவளும் நீ. உனக்காகத்தான் எல்லாக் கடையிலும் நான் வாய் வலிக்கப் பேசினேன். எனக்கென்று ஒரு சீப்புக்குக் கூட நான் பேரம் பேசியதில்லை. நீ என்னோடு சந்தோஷமாக இருந்தாய் என்பதுதான் இந்தப் பயணங்களிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே பொருள். அதையும் போலி என்று சொல்லிவிட்டாய், அதுவும் உன் மகள் வாயால்.

நேற்று கீழராஜவீதிப் பக்கம் போயிருந்தேன். ஒரு கடையில் பேத்திக்கு ஒரு கவுன் எடுத்தேன். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை, சண்டை போட நீ இருந்தால்தானே தீரும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். "ஒன் வாயைக் கொஞ்சம் மூடுடி, இதை நான் வாங்கத்தான் போறேன்" என்று எந்தக் கடை வாசலிலாவது என் முகத்துக்கு நேரே நீ சொல்லியிருக்கலாம். நாலு நாள் உன்னோடு பேசியிருக்க மாட்டேன். பஸ்ஸில் கூட வேறு சீட்டில் போய் உட்கார்ந்திருப்பேன். அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு, நீ வாங்கியதையெல்லாம் தூக்கிக்கொண்டு, ஹைதராபாத் முழுக்க உன் பின்னாலேயே வந்திருப்பேன்.