ஆள் வராத அட்டைகள்

திண்டிவனம், வியாழக்கிழமை.

கோபம் இன்னும் அடங்கவில்லை. பத்துப் புத்தகம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பரிசு. பிள்ளை எங்கள் நூலகத்துக்கு வந்து, படித்த கதையை என்னிடம் சொன்னால், பள்ளி கொடுத்த அட்டையில் புத்தகத்துக்கு ஒரு முத்திரை நான் குத்த வேண்டும். ஒழுங்காக வந்தவள் ஆறாம் வகுப்பு ஆரோக்கியமேரி மட்டும்தான். ஏழு புத்தகம் முடித்திருந்தாள்.

போன வாரம் அவளுடைய வகுப்பாசிரியர் மற்ற பிள்ளைகளின் அட்டைகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்தார். "ஆய்வுக்கு வர்றாங்க மேடம். ஜல்தியா எல்லாத்துலயும் பத்து பத்து குத்திக் குடுத்துடுங்க" என்றார். அந்தப் பிள்ளைகளின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. குத்திக் கொடுத்தேன்.

இன்று பரிசளிப்பு. மாலையில் மேரி வந்தாள்.

"லைப்ரரிக்கே வராத பசங்களுக்கு டிபன் பாக்ஸ் குடுத்தாங்கக்கா. எனக்கு ஏழுதான் இருக்குதுன்னு உக்கார வெச்சிட்டாங்க. அவங்கெல்லாம் எப்பக்கா வந்து கதை சொன்னாங்க?"

எட்டாவதாக அவளுக்கு எடுத்து வைத்திருந்த புத்தகத்தை நீட்டினேன். "வேணாங்கக்கா" என்று அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆசிரியருக்கு போன் போட்டுக் கத்தினேன். "நீங்கதான மேடம் குத்துனீங்க" என்றார். போனை வைத்துவிட்டேன்.

தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அத்தனை முத்திரையும் பொய், குத்தியது நான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. வேலைக்கு என்ன ஆகுமோ. காலையில் முதல் வேலையாக நேரில் கொடுக்கப் போகிறேன். பிறகு மேரியின் வீட்டுக்குப் போக வேண்டும். கடிதத்தில் எழுத வந்தது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வருமா, தெரியவில்லை.